மருந்தாளுநரே மருந்து எழுதித் தரலாமா? ஆய்வு நடத்தி விடை தேடிய கனடா பேராசிரியர் ராஸ் சுயுகி - யார் இவர்?

டாக்டர் மருந்து எழுதுவார், மருந்தாளுநர் எடுத்துக் கொடுப்பார். உலகின் பெரும்பாலான நாடுகளில் இன்றும் இதுதான் நடைமுறை. ஆனால் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் கதையே வேறு. அங்கே கூடுதல் அனுமதி பெற்ற மருந்தாளுநர், பிபிக்கும் சுகருக்கும் தானே மருந்து எழுதலாம், அளவைக் கூட்டலாம், குறைக்கலாம். 2007-ம் ஆண்டு முதல் இது சட்டப்படியே நடக்கிறது.

"இது ஆபத்தாச்சே, நோயாளிக்கு ஏதாவது ஆகிவிட்டால்?" என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். இந்தக் கேள்விக்கு மேடையில் பேசி விடை தேடாமல், புது மருந்தைச் சோதிப்பது போலவே சோதித்துப் பார்த்தவர்களில் முக்கியமானவர் பேராசிரியர் ராஸ் சுயுகி. யார் இவர்? என்ன செய்தார்? அவர் ஆய்வுகள் சொல்வது என்ன, சொல்லாதது என்ன? விரிவாகப் பார்க்கலாம்.

கிளினிக்கல் ஃபார்மசி என்றால் என்ன?

ஃபார்மசி என்றதும் மருந்து தயாரிப்பு, மாத்திரை கம்பெனி, மெடிக்கல் ஷாப் ஆகியவைதான் நினைவுக்கு வரும். கிளினிக்கல் ஃபார்மசி கொஞ்சம் வேறு. இதில் மருந்தைவிட, அதைச் சாப்பிடும் நோயாளிதான் முக்கியம்.

இந்த மாத்திரை இவருக்கு ஒத்துவருமா? ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையோடு மோதுமா? சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவருக்கு அளவைக் குறைக்க வேண்டுமா? உண்மையிலேயே தினமும் சாப்பிடுகிறாரா, இல்லை பாதியில் நிறுத்திவிட்டாரா? இதையெல்லாம் பார்ப்பதுதான் கிளினிக்கல் ஃபார்மசிஸ்ட் வேலை.

இந்தத் துறை வளர்ந்தது அமெரிக்காவில். 1966-ல் சான்பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையின் 9-வது மாடியில், மருந்தாளுநர்களை நேரடியாக வார்டுக்கே அனுப்பிய திட்டம் இதில் ஒரு மைல்கல். அதன்பின் 1990-ல் சார்லஸ் ஹெப்லர், லிண்டா ஸ்ட்ராண்ட் என்ற இரண்டு பேராசிரியர்கள் எழுதிய கட்டுரை, மருந்தைக் கொடுத்ததோடு மருந்தாளுநரின் பொறுப்பு முடிவதில்லை, அதன் பலனுக்கும் அவர் பொறுப்பேற்க வேண்டும் என்று வாதிட்டது.

கொள்கை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஆதாரம் எங்கே? சுயுகியின் வேலை தொடங்கும் இடம் இதுதான்.

இதய நோயில் தொடங்கிய பயணம்

சுயுகி அடிப்படையில் மருந்தாளுநர். ஃபார்மசி இளநிலைப் பட்டம், அதன்பின் நோயாளிகளோடு நேரடியாகப் பணியாற்றுவதற்கான ஃபார்ம் டி பட்டம் பெற்றவர். அதோடு நிற்காமல், கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பட்டமும் பெற்றார். நோயாளிகளிடம் ஆய்வு நடத்துவது எப்படி, முடிவை அளப்பது எப்படி என்பதுதான் அங்கே பாடம்.

மெக்மாஸ்டரில் அப்போது இதய நோய் ஆய்வுகளை முன்னின்று நடத்தியவர், கேரளாவின் கொட்டாரக்கராவில் பிறந்து பெங்களூருவில் மருத்துவம் படித்த டாக்டர் சலீம் யூசுஃப். உலகப் புகழ்பெற்ற இதய நோய் ஆய்வாளர். அவர் இருந்த குழுவின் ஆய்வுகளில் சுயுகியும் பங்கேற்றார்.

அந்தத் தரவுகளிலிருந்து 2001-ல் வெளிவந்த ஒரு கட்டுரை சுவாரஸ்யமானது. இதயம் பலவீனமான நோயாளிகளுக்கு நிலைமை திடீரென மோசமாவது ஏன் என்று தேடியது அந்தக் கட்டுரை. முதல் காரணம் எது தெரியுமா? உப்பு. உப்பைக் குறைக்கச் சொன்னதைப் பின்பற்றாததுதான் 22 சதவீத நிகழ்வுகளுக்குக் காரணம். இதயத் துடிப்பைச் சீராக்கும் சில மருந்துகள், சில வகை பிபி மருந்துகள், சிகிச்சையைத் தேவையில்லாமல் குறைத்தது என மருந்து தொடர்பான காரணங்களும் பட்டியலில் இருந்தன.

அதாவது, பெரிய ஆபரேஷனோ புது மருந்தோ இல்லாமல், நோயாளியிடம் உட்கார்ந்து பேசி, மருந்துச் சீட்டைச் சரிபார்த்தாலே தடுக்கக்கூடிய காரணங்கள் அதில் நிறைய. அதற்கு நேரமும் பயிற்சியும் உள்ள ஆள் யார்? அடிக்கடி நோயாளியைப் பார்ப்பவர் யார்? மருந்தாளுநர்தான்.

பின்னர் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்துக்கு வந்த சுயுகி, ஃபார்மசி கல்லூரிக்குள் மட்டும் நிற்காமல், மருத்துவத் துறையின் இதயவியல் பிரிவில் பேராசிரியர் ஆனார். எபிகோர் என்ற ஆய்வு ஒருங்கிணைப்பு மையத்தின் இயக்குநராகவும், பிற்காலத்தில் மருந்தியல் துறைத் தலைவராகவும் பொறுப்பு வகித்தார். கனடா மருந்தாளுநர்களின் ஆய்விதழுக்குப் பல ஆண்டுகள் தலைமை ஆசிரியராகவும் இருந்தார்.

பாதியிலேயே நிறுத்தப்பட்ட ஆய்வு - காரணம் என்ன?

சுயுகியின் பெயரை வெளியே கொண்டுவந்தது 'ஸ்கிரிப்' என்ற ஆய்வு. 2002-ல் வெளியானது.

ஆல்பர்ட்டா, சஸ்காட்செவன் ஆகிய 2 மாகாணங்களில் 54 மருந்துக் கடைகள் இதில் சேர்ந்தன. மாரடைப்பு அபாயம் அதிகமுள்ள 675 பேர் குலுக்கல் முறையில் 2 குழுவாகப் பிரிக்கப்பட்டார்கள்.

முதல் குழுவுக்கு மருந்தாளுநர் என்ன செய்தார்?

- கொலஸ்ட்ரால் பற்றி எடுத்துச் சொன்னார்
- கடையிலேயே விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதித்தார்
- விவரத்தையும் பரிந்துரையையும் நோயாளியின் டாக்டருக்கு ஃபேக்ஸ் அனுப்பினார்
- 16 வாரம் தொடர்ந்து விசாரித்தார்

இரண்டாவது குழுவுக்கு ஒரு துண்டுப் பிரசுரமும் வழக்கமான கவனிப்பும் மட்டும்.

முடிவு? டாக்டரிடம் முழு கொலஸ்ட்ரால் பரிசோதனை செய்துகொண்டவர்கள் அல்லது கொலஸ்ட்ரால் மருந்து புதிதாகத் தொடங்கியவர்கள், அளவு கூட்டப்பட்டவர்கள் முதல் குழுவில் 57 சதவீதம். இரண்டாவது குழுவில் 31 சதவீதம்தான்.

வித்தியாசம் இவ்வளவு தெளிவாக இருந்ததால், ஆய்வைக் கண்காணித்த வெளிக்குழு அதை முன்கூட்டியே நிறுத்தப் பரிந்துரைத்தது. பலன் கிடைப்பது தெரிந்த பிறகும் பாதிப் பேருக்கு அதைத் தராமல் வைத்திருப்பது நியாயமில்லை என்பதே இப்படி நிறுத்துவதன் அர்த்தம். புது மருந்து ஆய்வுகளில் இது நடப்பதுண்டு. மருந்தாளுநரின் சேவையைச் சோதித்த ஆய்வுக்கு இப்படி நடப்பது அபூர்வம்.

ஆனாலும் ஒரு சிக்கல் இருந்தது. இந்த ஆய்வில் மருந்தாளுநரால் பரிந்துரைக்கத்தான் முடிந்தது. கடைசி முடிவு டாக்டர் கையில். ஃபேக்ஸ் போன பிறகு யாரும் பார்க்கவில்லை என்றால் எல்லாம் வீண்.

2007: சட்டம் மாறியது

2007 ஏப்ரலில் ஆல்பர்ட்டா மாகாணம் மருந்தாளுநர்களுக்கு மருந்து எழுதும் உரிமையைத் தந்தது. இதில் பல படிகள் உண்டு. சாதாரண மருந்தாளுநர் பழைய சீட்டைப் புதுப்பிக்கலாம், தேவைப்பட்டால் அளவை மாற்றலாம், அவசரத்துக்குக் கொடுக்கலாம். ஆனால் புதிதாகத் தானே மருந்து தொடங்க வேண்டுமென்றால் தனி அனுமதி வேண்டும். அதற்குத் தான் கவனித்த நோயாளிகளின் விவரங்களோடு விண்ணப்பிக்க வேண்டும். அதை மதிப்பிட்ட பிறகே அனுமதி. போதைத் தன்மையுள்ள, கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை இவர்கள் எழுத முடியாது.

2012-ல் இன்னொரு மாற்றமும் வந்தது. மருந்து விற்பதற்கு மட்டுமல்லாமல், நோயாளியை மதிப்பிட்டுத் திட்டம் போடுவதற்கும் மாகாண அரசே கட்டணம் தரத் தொடங்கியது.

சட்டம் வந்துவிட்டது, சரி. அதனால் நோயாளிக்கு நன்மையா? சுயுகியின் அடுத்த கட்ட ஆய்வுகள் இதைத்தான் கேட்டன.

18.3 கழித்தல் 11.8: இந்தக் கணக்கைக் கவனியுங்கள்

2015-ல் 'சர்குலேஷன்' என்ற இதய நோய் ஆய்விதழில் வெளியானது 'ஆர்எக்ஸ் ஆக்‌ஷன்' ஆய்வு. பிபி கட்டுக்குள் வராத 248 பேர். அவர்களின் சராசரி பிபி 150/84.

ஒரு குழுவுக்கு மருந்தாளுநரே மருந்து எழுதி, ரத்தப் பரிசோதனை பார்த்து, மாதாமாதம் கவனித்தார். இன்னொரு குழுவுக்கு பிபியைக் குறித்துவைக்க ஒரு அட்டை, படிக்க ஒரு குறிப்பு, வழக்கமான சிகிச்சை.

6 மாதம் கழித்துப் பார்த்தால், மருந்தாளுநர் கவனித்த குழுவில் மேல் பிபி 18.3 புள்ளி குறைந்திருந்தது. அடேங்கப்பா என்று தோன்றும். ஆனால் இரண்டாவது குழுவிலும் 11.8 புள்ளி குறைந்திருந்தது!

ஏன் அப்படி? ஆய்வில் சேர்ந்ததாலேயே ஜாக்கிரதை வந்திருக்கலாம். பிபி எகிறியிருந்த நேரத்தில் சேர்க்கப்பட்டவர்களுக்கு அது தானாகவே கொஞ்சம் இறங்கியிருக்கலாம். டாக்டரும் சிகிச்சை கொடுத்துக்கொண்டுதானே இருந்தார்.

ஆக, மருந்தாளுநரின் உண்மையான பங்கு 18.3 அல்ல. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான். புள்ளியியல் திருத்தங்களுக்குப் பிறகு அது 6.6 புள்ளி. ஒப்பிட இன்னொரு குழு இல்லாமல் இருந்திருந்தால், மொத்தப் பெருமையும் தவறாக மருந்தாளுநருக்கே போயிருக்கும். சுயுகி போன்றவர்கள் ஒப்பீட்டு ஆய்வுக்கு இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் இதுதான்.

சரி, 6.6 புள்ளி பெரிய விஷயமா? ஆம். மேல் பிபி 5 புள்ளி குறைந்தாலே மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் சுமார் 10 சதவீதம் குறையும் என்று 2021-ல் 'லான்செட்' இதழில் வந்த மாபெரும் தொகுப்பாய்வு சொல்கிறது.

அடுத்தடுத்து வந்த ஆய்வுகள்

ஆர்எக்ஸ்-ஈச் (2016): ஆல்பர்ட்டாவின் 56 மருந்துக் கடைகள், 723 பேர். பிபி, சுகர், கெட்ட கொலஸ்ட்ரால், புகைப்பழக்கம் ஆகியவற்றில் ஏதாவது கட்டுக்குள் இல்லாதவர்கள். மருந்தாளுநர் கவனித்த குழுவில், வழக்கமான சிகிச்சைக் குழுவோடு ஒப்பிடும்போது இதய நோய் அபாயம் 3 மாதத்தில் 21 சதவீதம் குறைந்தது. ஒப்பீட்டுக் குழுவில் இருந்தவர்களுக்கும் 3 மாதத்துக்குப் பிறகு அதே கவனிப்பு தரப்பட்டது.

ஆர்எக்ஸ்-இங் (2013): சுகர் கட்டுக்குள் வராத 100 பேருக்கு மருந்தாளுநர்களே இன்சுலின் தொடங்கினார்கள். 3 மாத சராசரி சுகரைக் காட்டும் எச்பிஏ1சி அளவு, 26 வாரத்தில் 9.1-லிருந்து 7.3 ஆகக் குறைந்தது. ஆனால் இதில் ஒப்பீட்டுக் குழு கிடையாது. மேலே பார்த்த 18.3 கணக்கை நினைவில் வைத்துக்கொண்டே இந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

ஆர்எக்ஸ்-அவுட்மேப் (2018): நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் 39 கடைகள், சாதாரண சிறுநீர்த் தொற்று உள்ள 750 பேர். 88.9 சதவீதம் பேருக்குத் தொற்று குணமானது. இதுவும் குலுக்கல் முறை ஆய்வு இல்லை.

சுயுகிக்குத் தொடர்பில்லாத இன்னொரு ஆய்வையும் இங்கே சொல்ல வேண்டும். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸில், கறுப்பின ஆண்கள் வழக்கமாகப் போகும் முடிதிருத்தும் கடைகளுக்கே மருந்தாளுநர்கள் போய் பிபிக்கு மருந்து கொடுத்தார்கள். டாக்டர்களோடு செய்துகொண்ட உடன்பாட்டின் பேரில்தான் இது நடந்தது. 52 கடைகள், 319 பேர். 2018-ல் வெளியான முடிவின்படி, 6 மாதத்தில் மேல் பிபி 27 புள்ளி குறைந்தது. டாக்டரைப் போய்ப் பாருங்கள் என்று கடைக்காரர் அறிவுறுத்திய குழுவில் 9.3 புள்ளிதான். வேறு நாடு, வேறு குழு, வேறு மக்கள். ஆனால் முடிவு ஒரே திசையைத்தான் காட்டுகிறது.

எதிர்ப்பு எதனால்?

மருந்தாளுநர்களுக்கு இந்த உரிமை தருவதைப் பற்றி கனடாவிலும் மருத்துவர் அமைப்புகள் கவலை தெரிவித்தன. அந்தக் கேள்விகளில் நியாயம் இல்லாமல் இல்லை.

1. எழுதுபவரும் அவரே, விற்பவரும் அவரே என்றால்? தேவையில்லாத மருந்து தலையில் கட்டப்படாது என்பதற்கு என்ன உத்தரவாதம்? கவனிப்புக்கு அரசு தனியாகக் கட்டணம் தருவது இதற்கு ஓரளவு பதில். முழுப் பதில் அல்ல.

2. நோயைக் கண்டுபிடிப்பது யார்? பிபி அதிகமாக இருப்பதற்கு சிறுநீரகக் கோளாறோ ஹார்மோன் கோளாறோ காரணமாக இருக்கலாம். அதைக் கண்டறிவது டாக்டரின் பயிற்சி.

3. ஆய்வில் சேர்ந்த மருந்தாளுநர்கள் யார்? விருப்பத்தோடு முன்வந்தவர்கள், கூடுதல் பயிற்சி பெற்றவர்கள். எல்லாக் கடையிலும் இதே தரம் இருக்குமா?

4. உயிர் பிழைத்தார்களா? இந்த ஆய்வுகள் பெரும்பாலும் 3 முதல் 6 மாதம் வரைதான். பிபி, கொலஸ்ட்ரால் போன்ற அளவுகள் குறைந்ததைக் காட்டுகின்றன. மாரடைப்பு, மரணம் குறைந்ததை நேரடியாக எண்ணிக் காட்டவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, டாக்டரே வேண்டாம் என்று இந்த ஆய்வுகள் எதுவும் சொல்லவில்லை. டாக்டருக்குத் தகவல் கொடுத்துக்கொண்டே, இரண்டு சந்திப்புகளுக்கு நடுவில் விழும் இடைவெளியை மருந்தாளுநர் நிரப்ப முடியுமா என்பதுதான் கேள்வி.

இந்தியாவில் நிலைமை என்ன?

தெளிவாகச் சொல்லிவிடலாம்: இந்தியாவில் மருந்தாளுநர் மருந்து எழுத சட்டத்தில் இடமில்லை. அட்டவணை 'எச்' மருந்துகளைப் பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. பெரும்பாலான பிபி, சுகர் மாத்திரைகளும் ஆன்டிபயாடிக்குகளும் இதில்தான் வரும்.

"இங்கேதான் சீட்டு இல்லாமலே கொடுக்கிறாங்களே" என்று கேட்கலாம். ஆல்பர்ட்டாவில் நடப்பதும் இதுவும் ஒன்றல்ல. அங்கே மருந்தாளுநர் பரிசோதனை முடிவைப் பார்த்து, பதிவு செய்து, பின்தொடர்ந்து, தவறு நடந்தால் பொறுப்பேற்கிறார். இங்கே "2 மாத்திரை குடுங்க" என்று கேட்டு வாங்குவதில் இது எதுவுமே இல்லை. அதனால் இந்த ஆய்வு முடிவுகளைக் காரணம் காட்டி, டாக்டரைப் பார்க்காமல் மருந்து வாங்குவது தவறு.

அதேசமயம் படிப்பு இங்கேயும் வளர்ந்திருக்கிறது. மருந்தாளுநர் தொழிலை ஒழுங்குபடுத்தும் ஃபார்மசி சட்டம் வந்தது 1948-ல். ஃபார்ம் டி படிப்பு வந்தது 2008-ல். பிளஸ் 2 முடித்த பிறகு மொத்தம் 6 வருடம், அதில் கடைசி வருடம் மருத்துவமனைப் பயிற்சி. மருந்து கொடுக்கும்போது நோயாளிக்கு ஆலோசனை சொல்வதும் மருந்தாளுநரின் கடமை என்று 2015-ம் ஆண்டு ஃபார்மசி நடைமுறை விதிமுறைகள் சொல்கின்றன.

எனவே இப்போதைய சட்டப்படியே நீங்கள் மருந்தாளுநரிடம் தாராளமாகக் கேட்கக்கூடியவை:

- இந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா?
- ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடலாமா?
- ஒரு வேளை மறந்துவிட்டால் என்ன செய்வது?
- என்ன அறிகுறி வந்தால் உடனே டாக்டரிடம் போக வேண்டும்?

பதில் சொல்ல கடையில் தகுதியுள்ள மருந்தாளுநர் இருக்க வேண்டும் என்பதும் சட்டம்தான்.

இவரிடமிருந்து தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

சுயுகி புது மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. அவர் சோதித்ததெல்லாம் ஏற்கெனவே இருக்கும் மருந்துகள், ஏற்கெனவே இருக்கும் கடைகள், ஏற்கெனவே இருக்கும் ஆட்கள். இருப்பதைச் சரியாகப் பயன்படுத்தினால் எவ்வளவு பலன் என்பதை எண்ணிக் காட்டியதுதான் அவருடைய பங்களிப்பு.

"எங்கள் தொழிலுக்கு அதிக அதிகாரம் வேண்டும்" என்று எந்தத் தொழிலைச் சேர்ந்தவரும் கேட்பார். அதற்கு ஆதாரம் காட்டு என்றால், தன் தொழிலையே ஒப்பீட்டுக் குழு வைத்துச் சோதனைக்கு உட்படுத்தியவர் இவர். சோதனையில் தோற்றிருந்தால் அதுவும் பதிவாகியிருக்கும். ஆல்பர்ட்டா வழியில் போகலாமா வேண்டாமா என்று எந்த நாடு விவாதித்தாலும், அந்த 6.6 என்ற எண்ணையும், கூடவே அந்த 4 கேள்விகளையும் மேஜையில் வைத்துத்தான் பேச வேண்டியிருக்கும்.